எர்த் இல்லாத வீடு

18 ஜூலை 2007, புதன். லிங்கராஜபுரம்.

ஆபீஸில் கொடுத்த புது லேப்டாப்பின் உடம்பு அலுமினியம். சார்ஜ் ஏறும்போது அதன்மேல் கை வைத்தால் சுருசுருவென்கிறது. ஒரு வாரமாக இப்படித்தான். கட்டிலில் சம்மணம் போட்டபடி ரகுவும் தொட்டுப் பார்த்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றான்.

அம்மாவின் நரம்பு வியாதி விரல் நுனியில்தான் ஆரம்பித்தது. கல்யாணத்தின்போது அதை ரகு வீட்டாரிடம் நாங்கள் சொல்லவில்லை.

இன்று மாலை ஓனர் ஆன்ட்டி எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்தார். அவர் பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "எர்த் இல்ல மேடம், அஷ்டே, அவ்ளோதான். வெறுங்கால்ல இருந்தா லேசா அடிக்கும். செருப்பு போட்டுக்கோங்க, தெரியாது" என்றார். எனக்கு நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது. கட்டிலில் இருந்த ரகுவுக்கு ஏன் தெரியவில்லை என்பதும் புரிந்தது.

வீட்டுக்குள் செருப்புப் போட மனம் கூசியது. வாசலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கழுவி எடுத்துவந்து, சாமி படத்தைப் பார்க்காமல் போட்டுக்கொண்டேன். கையை வைத்தேன்.

சுருசுருவென்றது.

கழுவிய செருப்பில் ஈரம் இருந்திருக்கும். இருந்திருக்க வேண்டும்.

சுவிட்சை அணைத்துவிட்டு ஒருமுறை தொட்டால் போதும், கரண்டா நானா என்று தெரிந்துவிடும். சார்ஜ் எப்போதோ ஏறி முடிந்துவிட்டது. ரகு எழுந்து வந்து, "ஆஃப் பண்ணிடவா?" என்று சுவிட்சில் கை வைத்தான்.

"தொடாதே" என்று கத்திவிட்டேன்.