மஞ்சள்கரு மட்டும் எனக்கு

ஜூன் 4, புதன்

முட்டை விலை மறுபடி ஏறிவிட்டது. போன மாதம் ஆறு வாங்கிய காசுக்கு இன்று நான்குதான் தந்தார் மளிகைக்காரர். ஏன் என்று கேட்டால், "பண்ணையில கோழிக்குச் சீக்கு சார், லோடே வரல" என்கிறார். லோடு வரவில்லையாம். கல்லாவுக்குப் பின்னால் கூரை முட்ட முட்டை அட்டை அடுக்கியிருக்கிறதே, அது என்னவாம்? "அதெல்லாம் காலி அட்டை சார்." தூக்கிக் காட்டச் சொன்னேன். காட்டினார். காலிதான். ஆனால் மேலே இருந்த இரண்டைத்தானே தூக்கினார்?

முப்பத்தொரு வருடம் பேருந்தில் ஏறி இறங்கி டிக்கெட் பரிசோதித்தவன் நான். "வாங்கினேன் சார், எங்கயோ விழுந்துடுச்சு" என்று சொல்லும் முகங்களை எத்தனையோ பார்த்தாகிவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் பார்வை ஓய்வு பெறவில்லை என்று என் மனைவி கிண்டல் செய்கிறாள். செய்யட்டும்.

ஜூன் 5, வியாழன்

இவளுக்கு டயாலிசிஸ். வழக்கம்போல மாடி வீட்டுக்காரர் தன் டிரைவிங் ஸ்கூல் காரில் கொண்டுபோய் விட்டார். வாரத்துக்கு மூன்று நாள், பத்து மாதமாக. பெட்ரோலுக்குக் கொடுத்தால் வாங்குவதில்லை. "எனக்கும் அந்தப் பக்கம்தான் சார் கிளாஸ்" என்கிறார். ஒரு மனிதர் காரணமில்லாமல் இவ்வளவு நல்லவராக இருப்பாரா?

ரத்த ரிப்போர்ட் வந்தது. ஆல்புமின் 3.1. மருத்துவமனையில் எல்லோரும் டயட் மேடம் என்று கூப்பிடும் அம்மாள், இவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "புரதம் ரொம்பக் குறைஞ்சு போச்சு. தினம் மூணு முட்டை வெள்ளை உள்ள போகணும். மஞ்சள் வேண்டாம். இன்னும் இறங்கினா சின்னக் காய்ச்சலைக்கூட உடம்பு தாங்காது."

பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் இதையேதான் சொன்னார்கள். போன மாதம் காய்ச்சல் என்று வார்டுக்குப் போனார். இப்போது அந்தப் படுக்கையில் வேறு ஆள். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடம் சொல்வது?

ஜூன் 11, புதன்

கோழி வாங்கிவிட்டேன். நான்கு. தினம் அந்த மளிகைக்காரர் முகத்தில் விழிக்க என்னால் ஆகாது.

மொபெட்டில் கூண்டு கட்டிக்கொண்டு வரும் கோழிக்காரர், முட்டையிடும் பருவம் என்று சத்தியம் செய்தார். சத்தியம் செய்கிறார் என்றாலே எனக்கு இடிக்கும். கொண்டையைப் பார்த்தேன், காலைப் பார்த்தேன், எனக்கென்ன தெரியும்? போகும்போது ஒன்று சொன்னார்: "முட்டை ஓட்டை அப்படியே போட்டுடாதீங்க சார். பொடிச்சுப் போடுங்க. முட்டை ருசி கண்டுச்சுன்னா இட்டதையே கொத்தித் தின்னும். அப்புறம் திருத்துறது கஷ்டம்." நான் ஓட்டை வெயிலில் காயவைத்து இடித்துத்தான் போடப் போகிறேன். அந்த விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது.

ஜூன் 15, ஞாயிறு

பழைய துணி அலமாரியைப் படுக்கவைத்து, கதவுக்குக் கம்பி வலை அடித்துக் கூடு செய்து முடித்தேன். சுத்தியல் ஆணிக்குப் பதிலாகக் கட்டைவிரலில் இறங்கியது. மருந்து போட்டுவிட்டபடி, "எதுக்குங்க இவ்வளவு பாடு?" என்றாள். உனக்குத்தான் என்றேன். குனிந்தபடி கட்டுப் போட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு

மூன்று முட்டை! பழுப்பு நிறம், இன்னும் சூடு. பேரானந்தம்.

கோழிகளுக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. எப்போது பார்த்தாலும் கண்ணை மூடிக்கொண்டிருப்பவள் தூங்குமூஞ்சி. என்னைக் கண்டதும் பின்பக்கமாக நழுவுகிறவள் பாஸ் - பாஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடும் ரகம். வாசலிலேயே நிற்பவள் ஃபுட்போர்டு. ஓயாமல் கணகணப்பவள் சில்லறை.

காலையில் நான் வேகவைக்கிறேன். அவள் உரிக்கிறாள். வெள்ளை அவளுக்கு, மஞ்சள்கரு கிண்ணத்தில் எனக்கு. கடை முட்டை கொடுத்த முதல் வாரம் தட்டுக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். "நின்னு பாக்காதீங்க, தொண்டையில இறங்க மாட்டேங்குது" என்றாள். இப்போது கொல்லைப் படியில் காற்றாட உட்கார்ந்து உரித்துச் சாப்பிடுகிறாள். சரி, மூன்று மஞ்சள்கரு என் கைக்கு வந்தால் மூன்று வெள்ளை உள்ளே போயிற்று என்றுதானே அர்த்தம்? கையில் டிக்கெட் இருக்கிறது, பிறகென்ன.

ஜூலை 3, வியாழன்

ஆல்புமின் 3.0. ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. ரத்தக் குப்பியை யாருடையதோடோ மாற்றிவிட்டார்களா? லேப் பெண்ணிடம் கேட்டேன். அவள் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

ஜூலை 9, புதன்

இரண்டு முட்டைதான்.

ஜூலை 10, வியாழன்

ஒன்று.

ஜூலை 12, சனி

நேற்று ஒன்றுமே இல்லை. இன்று ஒன்று. ஓடும் இல்லை, உடைந்த தடயமும் இல்லை, வைக்கோல் மட்டும் ஓரிடத்தில் ஈரமாக இருக்கிறது. பூனை என்றால் ரகளை நடந்திருக்கும். இது சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகிற கை.

இன்னொன்று. கோழிகள் என்னைக் கண்டால் அசைவதில்லை. அவள் கொல்லைக் கதவைத் திறந்தால் நான்கும் விழுந்தடித்து ஓடி வருகின்றன. தீனி போடுவது நான்! அவளிடம் சொன்னேன். "பொம்பளைங்க நாங்க, எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும்" என்று சிரித்தாள். இரண்டு வாரம் கழித்து இன்றுதான் சிரித்தாள், எனவே கோழிகளை மன்னித்துவிட்டேன்.

கொடியில் தினம் மூன்று கைக்குட்டை காய்கிறது. சளியா என்று கேட்டேன். வியர்வையாம்.

ஜூலை 14, திங்கள்

பொறி வைத்தேன். மளிகைக்கடை முட்டையில் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி போட்டுக் கூட்டில் வைத்தேன். காலை எட்டு மணிக்கு இருந்தது. பத்து மணிக்கு இல்லை.

ஒன்பது மணிக்கு மாடியிலிருந்து ஆம்லெட் வாசனை வந்தது. தினமும் வருகிறது. இந்த விலையில் தினம் ஆம்லெட்! அவர் டிரைவிங் ஸ்கூலுக்கு அப்படி என்ன கூட்டம்? மாடிப்படி கொல்லைக்குத்தான் இறங்குகிறது என்பதை இதுவரை நான் யோசிக்கவே இல்லை.

ஜூலை 16, புதன்

தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிற சாக்கில் மேலே போனேன். அவர் குப்பைக்கூடையில் முட்டை ஓடு. வெள்ளை. என்னுடையது பழுப்பு. சரி, குற்றமில்லை என்று இறங்கி வரும்போது பாதிப் படியில் தோன்றியது - பென்சில் குறி போட்ட முட்டையும் வெள்ளைதானே? திரும்பி ஏறினேன். அதற்குள் கூடையைக் காலி செய்துவிட்டார். தற்செயலா?

ஜூலை 19, சனி

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேனோ?

மருத்துவமனையிலிருந்து திரும்பி வரும்போது காரில் மாடிக்காரரிடம் கேட்டேன். சிரித்த மாதிரிதான் கேட்டேன். "எங்க கோழி முட்டை ஆம்லெட்டுக்கு எப்படி சார் இருக்கு?" முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் காரை ஓரம் கட்டிவிட்டார். "நான் உங்க பின்பக்கம் வந்ததே கிடையாது சார்" என்றார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, என்னைப் பார்க்காமல், "அக்கா, செவ்வாய்க்கிழமை வேற ஏற்பாடு பண்ணிக்குங்க" என்றார்.

இவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டேன். "பசியில்ல" என்றாள். குற்றமில்லாதவருக்கு அவ்வளவு கோபம் வருமா? வரும்தான். வரும்.

ஜூலை 22, செவ்வாய்

ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. பேருந்தில் அழைத்துப் போனேன். போகும்போது இடம் கிடைத்தது. வரும்போது கூட்டம். நாலு மணி நேரம் ஊசியோடு படுத்திருந்து வந்தவள், கையில் கட்டோடு கம்பியைப் பிடித்து நின்றாள். நிற்கவில்லை, தொங்கினாள். யாராவது எழுந்திருங்கள் என்று கெஞ்சினேன். எத்தனை பேரை நடுவழியில் இறக்கிவிட்டிருக்கிறேன். இன்று ஒரு இருக்கைக்குக் கெஞ்சினேன். ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். இறங்கியதும் நிறுத்தத்திலேயே வாந்தி எடுத்தாள் இவள்.

மாடியில் விளக்கு எரிந்தது. கார் வாசலில்தான் நின்றது.

ஜூலை 24, வியாழன்

2.8.

டயட் மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "முட்டை சாப்பிடறாங்களா?" "தினம் மூணு. கடையில வாங்கியாவது குடுத்துடறேன். என் கண்ணால பாக்கறேன்" என்றேன். இவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த முறையும் இறங்கினால் வார்டில் சேர்க்கச் சொல்லிவிட்டார்.

என் கண்ணால் பார்க்கிறேன் என்றேனே, எதைப் பார்க்கிறேன்? எழுதும்போதுதான் உறைக்கிறது. நான் பார்ப்பது மஞ்சள்கருவை.

ஜூலை 27, ஞாயிறு

குளியலறையில் வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் ஏறி, ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தேன். அறுபது வயதில் இது ஒரு பிழைப்பு.

படியில் உட்கார்ந்து உரித்தாள். மஞ்சள்கருவைக் கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். வெள்ளையில் ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. பிறகு கைக்குட்டையில் துப்பினாள். மிச்ச வெள்ளையை ஓட்டோடு சேர்த்துக் கோழிகளுக்குப் போட்டாள். நான்கும் அடித்துக்கொண்டு தின்றன. கொஞ்ச நேரத்தில் சில்லறை கூட்டுக்குள் போய் முட்டையிட்டது. இட்ட கையோடு திரும்பி ஒரே கொத்து. மற்ற மூன்றும் ஓடி வந்தன. ஓடு உட்பட இரண்டு நிமிடத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

பாவி. நான்தான் பாவி. மளிகைக்காரன், கோழிக்காரன், லேப் பொண்ணு, அந்த நல்ல மனுஷன் - எல்லாரையும் சந்தேகப்பட்டாச்சு. இவ ஒருத்தியை விட்டுட்டேன்.

பிறகு வழக்கம்போலக் கிண்ணம் வந்தது. மூன்று மஞ்சள்கரு. ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

அவளே ஆரம்பித்தாள். "நேத்து பாத்தீங்கல்ல? குளியலறை ஜன்னல்ல உங்க மூக்குக்கண்ணாடி பளபளன்னு தெரிஞ்சுது."

ஏன் சொல்லவில்லை என்றேன். கத்திவிடக் கூடாது என்று நினைத்தேன், கத்திவிட்டேன்.

"அவிச்ச முட்டை வாசனையே குமட்டுதுங்க. வாயில வெச்சா சோப்பு மாதிரி இருக்கு. கோழி வர்றதுக்கு முன்னாடி சிங்க்ல போட்டேன். நீங்க கையை நசுக்கிக்கிட்டு கூடு அடிக்கிறீங்க, எப்படிச் சொல்றது?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பீங்களா? வேணும்னே சாப்பிடலைன்னு சொல்லுவீங்க. டிக்கெட் எடுன்னு நிக்கிற மாதிரி தட்டுக்குப் பக்கத்துல நிப்பீங்க. உங்களுக்குப் பயந்துதாங்க பொய் சொன்னேன்."

பயந்து. முப்பது வருடம் கூட வாழ்ந்தவள் சொல்கிறாள்.

பிறகு, "வேற எதைப் பாத்தாவது பசிக்குதா?" என்று கேட்டேன். யோசித்தாள். "சிரிக்காதீங்க. காலையில மேல இருந்து ஒரு வாசனை வருதில்ல, அதுக்கு மட்டும் பசிக்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு மாடிக் கதவைத் தட்டினேன். படியில் நான்கு தடவை திரும்பிவிடலாமா என்று நின்றேன். திறந்தார். தோசைத்திருப்பியோடு நின்றார். சொல்ல நினைத்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "தப்பு என்னுது. முட்டையைத் தின்னது கோழிங்கதான். மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. "பத்து நாளா எனக்குச் சாப்பாடு சரியா இறங்கல சார்" என்றார். எனக்கும் என்றேன். பிறகு இவள் சொன்னதைச் சொன்னேன். அந்த வாசனைக்கு மட்டும் பசிக்கிறது என்பதை.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று என்னைத் தள்ளிக்கொண்டு இறங்கினார், தோசைத்திருப்பியோடேயே. எங்கள் அடுப்படியில் நின்று வெள்ளையை மட்டும் நுரை வர அடித்தார். பொடியாக வெங்காயம், மிளகு. உப்பு கூடாது என்றேன். "அப்போ எலுமிச்சை ரெண்டு சொட்டு" என்றார். காகிதம் போல மெல்லிசாக ஊற்றினார்.

பாதி சாப்பிட்டாள். எங்கள் இருவர் முன்னாலேயே.

எட்டரைக்கு ஹாரன் அடித்தார். கார் வாசலில்.

ஆகஸ்ட் 6, புதன்

கூட்டின் தரையைச் சரிவாக மாற்றினேன். முட்டை இட்டதும் உருண்டு பின்பக்கப் பெட்டிக்குப் போய்விடுகிறது. சில்லறை திரும்பிப் பார்க்கிறது, ஒன்றுமில்லை. யார் எடுத்தார்கள் என்று என்னை முறைக்கிறது. இந்தத் தடவை அதன் சந்தேகம் சரி.

ஆகஸ்ட் 28, வியாழன்

3.2. டயட் மேடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். ஆம்லெட் என்றாள் இவள்.

மாடிக்கு வாரம் ஆறு முட்டை. பழுப்பு. முதலில் வேண்டாம் என்றார். பிறகு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மாடிக்காரர் ஊரில் இல்லை. ஆம்லெட் நானே போட்டேன். திருப்பும்போது மடங்கிவிட்டது. அவள் தட்டை வாங்கிக்கொண்டு கொல்லைப் படிக்குப் போனாள். இங்கேயே உட்காரேன் என்று நாக்கு நுனி வரை வந்தது.

நான் முன்னறையில் பேப்பரைப் பிரித்தேன். கொல்லையில் கோழிகள் கத்தின. நான்கும் ஒரே நேரத்தில். தீனி போட்டால் அப்படிக் கத்தும். முட்டையிட்டாலும் கத்தும். ஒன்றுமில்லாமலும் கத்தும். நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். குளியலறை இரண்டடி தூரம். வாளி அங்கேயேதான் இருக்கிறது.

உட்கார்ந்துவிட்டேன். ஒரே வரியை ஏழெட்டுத் தடவை படித்தேன்.

தட்டோடு வந்தாள். காலி. நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"மிளகு கொஞ்சம் தூக்கல்" என்றாள். "நாளைக்குக் குறைச்சுப் போடுங்க."