கேட்டைத் தொடாதீங்க

ஜூலை 7, திங்கள்
விடியலிலிருந்து மழை. லேக் மார்க்கெட் வீட்டிலிருந்து பெஹாலா மழலையர் பள்ளிக்குப் போக ஒரு மணி நேரம். பள்ளி வாசலில் கணுக்கால் தண்ணீர். இரும்புக் கேட்டைத் தள்ளியபோது விரலில் சுருக்கென்றது. மறுபடி தொட்டேன், ஒன்றுமில்லை. பிரமையோ?

பிள்ளைகள் பதினொரு பேர். ரியான் இரண்டு தடவை உடை மாற்றம். வாங்க: கிரேயான், சோப்பு, எனக்குத் தலைவலி மாத்திரை.

ஜூலை 8, செவ்வாய்
வெயில். ஷர்மிளாதியிடம் சொன்னேன். பள்ளி அவருடையது, அது நடக்கும் வீடும் அவருடையது.

"ஈரக் கையோட தொட்டா அப்படித்தான் இருக்கும், காயத்ரி. அடுத்த வாரம் எலக்ட்ரீஷியன கூப்பிடலாம்."

சரி என்று வந்துவிட்டேன். ஆறு வருடம் வீட்டில் இருந்தவளுக்கு வேலை கொடுத்தவர். எப்படி மறுத்துப் பேச?

ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். ரவி அப்படி விட்டுவிடவில்லை. "டெஸ்டர எடுத்துட்டுப் போ. வெறும் காலோட நிக்காத."

ஜூலை 9, புதன்


மறுபடி மழை. ஷர்மிளாதி வரவில்லை, போனும் எடுக்கவில்லை. பதினொன்றரைக்கு, ரப்பர் செருப்போடு கடைசிப் படியில் நின்று டெஸ்டரைக் கேட்டில் வைத்தேன். எரிந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். திரும்ப வைத்தேன். அப்போதும் எரிந்தது. மின்சாரம் எங்களுடையதே இல்லை, வெளியிலிருந்து வருகிறது.

மின்சார ஆபீசுக்குப் போன். "வருவார்கள்." எப்போது?

ஆயா மீனு மாஷியிடம் பிள்ளைகளை உள் அறையில் வைக்கச் சொன்னேன். பன்னிரண்டுக்குப் பெற்றோர் வர ஆரம்பித்தார்கள். வாசலில் நின்று கத்தினேன்: "கேட்டைத் தொடாதீங்க! தள்ளி நில்லுங்க!" தமிழிலேயே கத்தியிருக்கிறேன், மாஷி சொன்னாள். பிறகு பெங்காலியில்.

தித்லியின் அப்பா கேட்கவில்லை. "எனக்கு ஆபீஸ் இருக்கு. பாகோல் நாகி?" பைத்தியமா என்கிறார். கையை நீட்டினார், அலறினேன், பின்வாங்கினார். அதற்குள் "பாபா!" என்று அப்பாவைக் கூப்பிட்டபடி தித்லி மாஷியின் பிடியிலிருந்து நழுவி, என்னைத் தாண்டி, படியில். இரண்டு கையும் கம்பிக்கு நேராக. கவுனைப் பிடித்து இழுத்தேன். கிழிந்தது. படியில் விழுந்தாள். மோவாயில் ரத்தம்.

ஒன்றேகாலுக்கு மின்சார ஆபீஸ் ஆட்கள் வந்தார்கள். பக்கத்துக் கடை போர்டின் ஒயர், எலி கடித்து, கேட்டின் கீலில் கிடந்தது. துண்டித்தவர் சொன்னார், "பெரியவங்க உதறிட்டு வந்துடலாம் மேடம். இந்த மாதிரி சின்னக் கை..."

ஜூலை 10, வியாழன்
பள்ளி விடுமுறை. தூக்கமில்லை. திங்கள் மதியம் அந்தப் பதினொரு பேரையும் வரிசையில் நிற்க வைத்தது நான். "கேட்டுக் கம்பியப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கு" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னதும் நான். காலையில்தான் விரல் சுருக்கென்றிருந்தது.

இதை ரவியிடம் சொல்லவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் தித்லியின் மோவாய்ப் படம். இரண்டு தையல். "குழந்தையை யார் தள்ளியது?" ஷர்மிளாதி போன்: "ஒரு மன்னிப்பு எழுதிடு, விஷயம் அடங்கிடும்."

எழுதினேன். ஒயரைப் பற்றியும். என் திங்கட்கிழமையைப் பற்றியும். அப்படியே குழுவில் போட்டுவிட்டேன்.

வேலை இருக்கிறதா, தெரியவில்லை.

ஜூலை 11, வெள்ளி
போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஷர்மிளாதி முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் ஒரு எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்றுகொண்டிருந்தான். வந்த பிள்ளைகள் ஐந்து.

ஐந்தில் ஒன்று தித்லி. அவள் அப்பா கொண்டுவந்து விட்டார். என்னைப் பார்த்தார். "மதியத்துக்குள்ள ரெண்டு தடவை மருந்து போடணும்" என்று மட்டும் சொல்லி, ட்யூபை என் கையில் கொடுத்தார்.

மருந்து போடும்போது தித்லி கேட்டாள், "ஆன்ட்டி, இன்னைக்கும் என்னப் பிடிச்சு இழுப்பியா?"

இழுப்பேன் என்றேன்.