சத்து மாத்திரை

மார்ச் 4
காலையில் வலிப்பு வந்து அடுப்படியில் விழுந்துவிட்டேன். பத்து வருஷமாக எட்டிப் பார்க்காதது, வயிற்றில் ஐந்து மாதப் பிள்ளை இருக்கும்போதுதானா வரவேண்டும்? மாமியார் அழுதுகொண்டே பீரோ சாவியை என் கையில் திணித்தாராம். உள்ளங்கையில் இன்னும் தடம் இருக்கிறது.

மார்ச் 5
பாலம் தாண்டி ஈரோட்டில் நரம்பு டாக்டர். அத்தையும் உள்ளே வந்துவிட்டார்.
"வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறீங்களா?"
"ராத்திரி ஒரு சத்து மாத்திரை மட்டுங்க."
வாய் தானாகச் சொன்னது. எச்.ஐ.வி. மாத்திரைக்கு நானும் என் வீட்டுக்காரர் மாதேஷும் வைத்த பெயர் அது. எங்கள் இருவருக்கும் இருப்பது அத்தைக்குத் தெரியாது. நான்கு வருஷத்தில் அது பொய் என்பதே மறந்துவிட்டது.
வலிப்புக்கு இரண்டு வேளை மாத்திரை.

மார்ச் 29
நான் பஸ்ஸில் அலைய வேண்டாம் என்று மாதேஷே எச்.ஐ.வி. மாத்திரை தரும் மையத்துக்குப் போய் எனக்கும் சேர்த்து மூன்று மாதத்துக்கு வாங்கி வந்தார்.

ஏப்ரல் 30
உதைக்கிறது. தறிச் சத்தம் கேட்டால் இன்னும் பலமாக.

ஜூன் 11
மையத்தில் ரத்தப் பரிசோதனை முடிவு. இத்தனை நாள் அடங்கிக் கிடந்த கிருமி ஏறியிருக்கிறது.
"மாத்திரை தவறுச்சாம்மா?"
ஒரு நாள்கூட இல்லை என்று அழுதேன். டாக்டரம்மா என் பையிலிருந்த வலிப்பு மாத்திரை அட்டையைப் பார்த்தார். "இது அதோட பலத்தைக் குறைச்சிடும்மா. அந்த டாக்டர்கிட்டச் சொல்லலியா?"
சொன்னேனே. சத்து மாத்திரைன்னு சொன்னேனே — பாவி!
வலிப்பு மாத்திரையை மாற்றிவிட்டார்கள். கிருமி இறங்க நாளாகுமாம்.

ஜூன் 30
பெண். மூன்று வாரம் முந்திக்கொண்டாள். இனியா.

ஜூலை 3
தாய்ப்பால் வேண்டாம் என்றுவிட்டார்கள். பால் கட்டி வலிக்கிறது. அத்தை ஏன் என்று கேட்டார். வலிப்பு மாத்திரையால் என்றேன். இன்னொரு பொய்.

ஆகஸ்ட் 14
இனியாவுக்கும் இருக்கிறதா என்று பார்க்க, குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். என்னைப் பார்த்துக்கொண்டே அழுதாள்.

செப்டம்பர் 2
இருக்கிறதாம்.

செப்டம்பர் 9
மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து இனியாவுக்குப் பாலாடைச் சங்கில் ஊற்றினேன். அத்தை வாங்கிக்கொண்டார்.
"ஏஞ்சாமி, புள்ளைக்கும் சத்து மாத்திரையா?"
மாதேஷ் தலையைக் குனிந்துகொண்டார்.
"இல்லீங்கத்தை" என்றேன். நோயின் பெயரைச் சொன்னேன். எங்கள் மூன்று பேருக்கும் என்றேன். ஈரோட்டில் நான் சொன்னதையும் சொன்னேன்.
அத்தை பாலாடையைக் கீழே வைக்கவில்லை. மிச்சத்தையும் புகட்டினார். பிறகு, குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
"எத்தன மணிக்கெல்லாம் குடுக்கோணும்?"