முட்டியால் திறக்கிற கதவு

என் வாலுப் பெண்ணுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் வழக்கம், ஆனால் மில்லிமீட்டர் கணக்கிலேயே பேசிப் பழகியவன் என்பதால் சரியாகவே சொல்லிவிடுகிறேன், அம்மா போன மாதத்தைவிட இந்த மாதம் கொஞ்சம் தேவலை. வலது காலை ஊன்றுகிறாள், நாலு கால் கம்பை இடது கையில் பிடித்துக்கொண்டு படுக்கையிலிருந்து ஜன்னல் வரை போய்த் திரும்புகிறாள். வலது கை அப்படியேதான் இருக்கிறது, தூக்கி மடியில் வைத்தால் மடியில் இருக்கும். பேச்சு பத்துப் பன்னிரண்டு வார்த்தை வருகிறது, அதில் ஒன்று என்னைத் திட்டுவதற்கு, அது மட்டும் மற்றதைவிடத் தெளிவாக வருகிறது. நீ அனுப்பிய முட்டி வலித் தைலம் இரண்டு புட்டியும் வந்து சேர்ந்தது. முன்பு அனுப்பிய இரண்டும் இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கின்றன, அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நான் வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன். எப்படி இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை, ஊசி போட்ட ஈறு மாதிரி இருக்கிறது, தொட்டால் தெரியவில்லை.

நீ அனுப்பிய புகார்ப் படிவமும் வந்தது. ஆம்புலன்ஸ் வரத் தாமதமானதால்தான் அம்மாவின் கையும் பேச்சும் போனது என்றும், வந்த நேரத்தை அவர்கள் பொய்யாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்றும் நீ எழுதியிருப்பதைப் படித்தேன். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறாய். நான் போடவில்லை, போடவும் மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய், போனில் உன் குரல் கேட்டதும் சாப்பிட்டியா தூங்கினியா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன், மூன்று மாதமாக அதைத்தான் செய்கிறேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் உட்கார்ந்து படி.

நம் சமையலறைப் பின்கதவு உனக்கு ஞாபகம் இருக்கும். இரட்டைக் கண்ணாடி போட்ட கனமான கதவு, நானே மாட்டியது. அந்தக் கனத்தில் கீல் தழைந்து கதவு நாலு மில்லிமீட்டர் இறங்கிவிட்டது, பூட்டின் கொக்கிகள் சட்டத்தில் இருக்கிற துளைகளில் உரசிக்கொண்டு நின்றன. சாவி திரும்பும், கைப்பிடி இறங்காது. வெளியிலிருந்து வருகிறவர் கைப்பிடியை மேலே தூக்கி, கீழ் மூலையில் முட்டியால் ஒரு தள்ளு தள்ளி, அதே மூச்சில் கைப்பிடியை அழுத்த வேண்டும். நம் வீட்டில் எல்லோருக்கும் அது கைவந்த கலை. போன வருஷம் நீ வந்திருந்தபோது இரண்டு கையிலும் பையை வைத்துக்கொண்டு முழங்கையால் கைப்பிடியைத் தூக்கி முட்டியால் திறந்தாய், ஊர்க் கதவுக்கெல்லாம் டாக்டர், நம்ம வீட்டுக் கதவுக்கு மட்டும் முட்டி வைத்தியமா அப்பா என்று கேட்டாய், எல்லோரும் சிரித்தோம். அம்மா எத்தனை முறை சொல்லியிருப்பாள் என்று எண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். பத்து நிமிஷ வேலை, கீலின் மூடியைக் கழற்றி ஆலன் கீயை நுழைத்து இரண்டு சுற்றுச் சுற்றினால் கதவு மேலே ஏறிக்கொள்ளும். பகல் முழுக்க அடுத்தவர் ஜன்னலில் அதையே செய்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டுக்கு வந்து அந்தக் கீயைக் கையில் எடுக்கப் பிடிக்கவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

அன்றைக்கு நான் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டில் மாடி ஜன்னலுக்குக் கீல் மாற்றிக்கொண்டிருந்தேன். காற்று அடித்தால் ஜன்னல் விசில் அடிக்கிறது என்று கூப்பிட்டிருந்தார். ஏணியில் ஏறும்போது போனை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போவது என் வழக்கம் என்று உனக்குத் தெரியும். ரெண்டு மில்லிமீட்டர் இறங்கினாலே சொல்லிடணும் சார், சின்னக் கோளாறை விட்டா பூட்டையே தின்னுடும் என்று அவருக்கு நீட்டி முழக்கிப் பாடம் எடுத்தேன், அவர் நல்ல மாணவர் மாதிரி கேட்டுக்கொண்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நேரத்தில்தான் அம்மா சமையலறையில் விழுந்திருக்கிறாள். அடுத்த வீட்டு டைலர் அத்தை பத்து மணி பத்துக்கு ஜாக்கெட் கொடுக்க வந்தவர் பின்கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார், உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்திருக்கிறார். எட்டே நிமிஷத்தில் வந்துவிட்டார்கள். அவர்கள் எழுதி வைத்திருக்கிற நேரம் சரியான நேரம், நீ பொய் என்று எழுதியிருக்கிறாயே அந்த நேரம். முன்கதவில் வெளியிலிருந்து சாவி நுழையவில்லை, ஏனென்றால் உள்பக்கம் சாவியைச் சொருகியே வை, கள்ளச் சாவி போட முடியாது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பின்கதவுக்கு டைலர் அத்தையிடம் நாம் கொடுத்து வைத்திருந்த சாவி இருந்தது, அதை அவர் ஒரு நாளும் போட்டுத் திறந்ததில்லை. சாவி திரும்பியது, கைப்பிடி இறங்கவில்லை. மாற்றி மாற்றித் திருப்பினார்கள். கண்ணாடியை இரும்புக் கம்பியால் அடித்தார்கள், அது விரிசல் விட்டதே தவிர விழவில்லை, திருடன் கடப்பாரையோடு வந்தாலும் களைத்துப்போய்த் திரும்புவான் என்று வாங்கிப் போட்ட கண்ணாடி அது. டைலர் அத்தை எனக்குப் பதினோரு முறை போன் செய்திருக்கிறார். நான் ஆணி டப்பா எடுக்க வண்டிக்கு வந்தபோது பன்னிரண்டாவது முறை அடித்தது. அண்ணா கதவு தொறக்க மாட்டேங்குது, அண்ணி கீழ கெடக்கறாங்க என்றார். கைப்பிடியை மேல தூக்கு, கீழ் மூலையில முட்டியால தள்ளு, அப்படியே அழுத்து என்றேன். ஒரு வினாடி. கதவு சுவரில் போய் மோதுகிற சத்தம் போனிலேயே கேட்டது. பின்னால் ஒரு ஆண் குரல், இதை முன்னாடியே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டது. அவர்கள் வந்து அதற்குள் இருபத்தாறு நிமிஷம் ஆகியிருந்தது.

மறுநாள் அம்மாவுக்குத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். துணியை எடுப்பதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து ஆலன் கீயை எடுத்து அந்தக் கீலைச் சரி செய்தேன். எதையும் மறைக்க வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை, கை தானாகப் போனது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பது நிமிஷம். ஒரு விரலால் தொட்டால் கதவு திறந்தது. மூன்றாம் நாள் நீ வந்து அந்தக் கதவைத் திறந்தாய், அட எப்பப்பா சரி பண்ணினீங்க என்று கேட்டாய். போன மாசமே பண்ணிட்டேன் என்றேன். கண்ணாடி ஏன் விரிசல் என்று கேட்டாய், ஸ்ட்ரெச்சர் இடித்துவிட்டது என்றேன். அரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா கை திரும்பியிருக்கலாம், உறுதியா சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார், ஏன் லேட்டு, ஆம்புலன்ஸ் லேட்டா என்று நீ என்னைப் பார்த்தாய், ஆமாம் என்றேன். மூன்றும் மூன்று பொய், ஒன்றுகூடத் தடுமாறாமல் வந்தது. நீ இருந்த பதினைந்து நாளும் டைலர் அத்தை நம் வீட்டுப் பக்கமே வரவில்லை என்று உனக்கு வருத்தம். தனக்கு ஒரு சாவி திருப்பத் தெரியாமல்தான் இப்படி ஆகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார். அது தெரிந்தும் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அழுகையும் வரவில்லை. வண்டியில் சாமானை அடுக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன செவ்வாய்க்கிழமை பகலில் ஒருவர் வந்தார். பின்பக்கமாக வந்தவர் கைப்பிடியை மேலே தூக்கி, கீழ் மூலையில் முட்டியால் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினார். சரியாகிவிட்ட கதவு இல்லையா, அப்படியே பறந்துபோய் மிக்ஸி மேடையில் மோதியது, அவரும் கூடவே உள்ளே வந்து விழப் பார்த்தார். தாடி வைத்த, தொப்பை போட்ட மனிதர். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். கதவைப் பார்த்தார், கீலைப் பார்த்தார், சரி பண்ணிட்டீங்களா என்றார். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, போனில் கேட்ட அதே குரல். அன்றைக்கு வந்த ஆம்புலன்ஸ் டிரைவர். நீ முதலில் போனில் சொன்ன புகாரின் மேல் விசாரணை நடக்கிறதாம், நேரத்தைத் திருத்தி எழுதினார் என்று சந்தேகப்பட்டு அவரை வண்டியிலிருந்து இறக்கி, வண்டி நிறுத்துகிற இடத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். எழுத்தில் புகார் வந்தால் வேலை போய்விடும் என்று சொல்கிறார்களாம். அதை அவர் என்னிடம் கெஞ்சுவதற்காகச் சொல்லவில்லை, நான் கேட்டதற்குத்தான் சொன்னார். நான் ஒண்ணும் கேட்க வரல சார், அம்மா எப்படி இருக்காங்கன்னு பாக்கணும்னு தோணுச்சு என்றார். அம்மாவிடம் போய் நின்றார், அம்மா இடது கையை நீட்டினாள், பிடித்துக்கொண்டார். தண்ணீர் மட்டும் குடித்தார். போகும்போது கதவைப் பூப்போலச் சாத்திவிட்டுப் போனார். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை, சாயந்தரம் சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்துவிட்டுப் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அதனால் நேற்றுக் காலை விசாரணை அலுவலகத்துக்கு நானே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று தள்ளிப் போட்டால் அந்தக் கீல் மாதிரி ஆகிவிடும் என்று முதலிலேயே அனுப்பினேன். கதவு, கீல், நாலு மில்லிமீட்டர், இருபத்தாறு நிமிஷம், முன்கதவுச் சாவி, என் போன், எல்லாம் எழுதியிருக்கிறேன், நகல் இதோடு இருக்கிறது. டைலர் அத்தை வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். அவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார், முழுக்கக் கேட்ட பிறகு, இதைச் சொல்ல உங்களுக்கு மூணு மாசமா அண்ணா என்று மட்டும் கேட்டுவிட்டு மறுபடி மெஷினை மிதித்தார். நீ போனில் கூப்பிட்டு அவரிடம் நாலு வார்த்தை நல்லதாகப் பேசு. டிரைவருக்கும் நீ ஒரு வரி எழுது, உன் பெயரில்தான் புகார் போயிருக்கிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கண் விழித்த நாளிலிருந்து அம்மா இடது கையால் முட்டியைத் தட்டித் தட்டிக் காட்டினாள் அல்லவா. நர்ஸ் பார்த்தார், டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார், ஒன்றும் இல்லை என்றார். விழும்போது அடிபட்டிருக்கும் என்று நீ பக்கத்தில் உட்கார்ந்து தைலம் தேய்த்தாய், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. நான் சுவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எதைக் காட்டுகிறாள் என்று எனக்கு முதல் நாளே தெரியும். தரையில் கிடந்தவளுக்கு நினைவு தப்பவே இல்லை, கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை இருபத்தாறு நிமிஷமும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பேச்சு வரவில்லை, முட்டியைத் தட்டிக் காட்டியிருக்கிறாள். அவர்களுக்கு எப்படிப் புரியும். நேற்றுத் தபாலில் போட்டுவிட்டு வந்து அவள் கட்டிலில் உட்கார்ந்து, கதவை முட்டியால தள்ளணும்னுதானே சொன்னே என்று கேட்டேன். என்னையே பார்த்தாள், தலையை ஆட்டினாள். பிறகு, அந்தத் தெளிவாக வருகிற வார்த்தையைச் சொன்னாள். அதற்கப்புறம் அவள் முட்டியைத் தட்டவில்லை. நேற்றுத் தூங்கும்வரை தட்டவில்லை, இன்றைக்கும் இதுவரை தட்டவில்லை.

நீ கொஞ்ச நாள் என்னோடு பேசாமல் இருந்தால் அது நியாயம்தான், நான் எதுவும் நினைத்துக்கொள்ள மாட்டேன். அம்மாவோடு மட்டும் பேசாமல் இருக்காதே. வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடு, போனை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டு நான் பின்வாசலுக்குப் போய்விடுகிறேன். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். சின்னவன் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள். உன் வீட்டில் கதவோ ஜன்னலோ கொஞ்சம் உரசினாலும் அன்றைக்கே ஆளைக் கூப்பிடு, சண்டை போட்டாவது கூப்பிடு. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் பல்லாண்டு வாழ வேண்டும். இனிமேல் தைலம் அனுப்ப வேண்டாம், அம்மாவுக்கு முட்டியில் வலி இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா