அணை மண்ணில் போட்ட அத்திவாரம்

தாராபுரம், மன்னார்.
16.11.2016, புதன்கிழமை, காலை 6.40.
நேற்று எங்கள் விடத்தல்தீவுக் காணியில் ஏறிய தண்ணீர்: நாற்பத்தொரு சென்ரிமீற்றர்.

அன்புள்ள மகள் சுவேதினிக்கு,

ஹொலண்ட் குளிருக்குள் நீயும் மருமகன் டிலோஜனும் சுகமாக இருக்க ஆண்டவர் துணை. இங்கே நானும் அம்மாவும் உடம்பால் சுகம், மனத்தாலும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மேலே எழுதியிருக்கும் எண்ணைத் திரும்ப ஒருமுறை பார். அது நான் அளவுகோலை நட்டு அளந்தது, கற்பனை இல்லை. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் நான் மூன்று வசனம் சொல்வதற்குள் நீ மறிப்பாய், எனக்குக் கோபம் வரும், அம்மா போனை வாங்கி மீன் விலையைக் கதைக்கத் தொடங்குவார். அதனால் கடதாசியில் எழுதிப் படம் பிடித்து வைபரில் அனுப்புகிறேன். முழுவதும் வாசித்துவிட்டுத்தான் நீ அம்மாவுக்கு எடுக்க வேண்டும்.

போன ஞாயிறு நீ சொன்னதில் ஒன்றையும் நான் மறக்கவில்லை. உலகம் சூடாகுது, கடல் ஏறுது எண்டு எல்லாரும் பயப்பிடுத்துறாங்கள் அப்பா, கணக்குப் பாத்தா வருசத்துக்கு மூண்டு மில்லிமீற்றர்தான், உங்கட ஆயுசுக்கு ஒரு சாண்கூட வராது என்றாய். இஞ்ச நாங்கள் கடலுக்குக் கீழதான் படுத்து எழும்புறம், ஆருக்குப் பயம் என்றாய். பிறகு அம்மாவிடம், அப்பா சும்மா வெருட்டுறார், நீங்கள் விடத்தல்தீவில வீட்டைக் கட்டுங்கோ என்றும் சொல்லிவிட்டாய். அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் இந்தக் கடிதம். உனக்கும் எனக்கும் இருபது வயதுதான் வித்தியாசம், கிழவன் பயப்படுகிறான் என்று தள்ளிவிடாதே. உங்கள் ஊரில் சனம் கடலுக்குக் கீழே இருந்தும் நித்திரை கொள்வது அங்கே அணை இருப்பதால், அதை இரவு பகலாகப் பார்க்க ஆள் இருப்பதால். எங்கள் ஆட்கள் என்ன செய்தார்கள் என்று உனக்கு முழுதாகத் தெரியாது, நீ அப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், இப்போது கேள்.

சண்டைக் காலத்தில் விடத்தல்தீவு ஊருக்கும் கடலுக்கும் நடுவில் ஆளுயரத்துக்கு மேல் எழுப்பிய மண் அணை உனக்கு நினைவிருக்கும். மீளக்குடியேற விட்டதும் சனம் முதலில் செய்த வேலை அதை வெட்டியதுதான். மண்ணை வீசவும் அவர்களுக்கு மனமில்லை. எங்களை அடைச்சு வைச்ச மண்ணுக்கு மேல ஏறி இருக்கப்போறம் என்று சொல்லி ஒவ்வொரு வீட்டு அத்திவாரத்துக்குள்ளும் அதையே கொட்டி நிரப்பினார்கள். பங்குச் சுவாமி அடிக்கல்லை மந்திரித்துவிட்டுப் போனதும் அணையிலிருந்து ஒரு ட்ராக்டர் பெட்டி மண்ணாவது வந்து விழவேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்காரனுக்குக் குறை, அப்படி ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நான் அப்போதே மட்டம் பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன், ஆர் கட்டினது, எதற்குக் கட்டினது என்பதெல்லாம் வேறு கதை, இப்போது கடலை மறிப்பது அதுதான், தொடாதீர்கள் என்று. உன் பெனடிக்ற் மாமா கையைத் தட்டிச் சிரித்தார். அத்தான், நீங்கள் வயல் ஊர் ஆள், உங்களுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும், அணை செத்தா உங்கட மூண்டுகால் கருவியையும் கூட்டிக்கொண்டு செத்தவீட்டுக்கு வாங்கோ என்றார். நீர்ப்பாசனக் கந்தோரில் பதினெட்டு வருடம் நிலமட்டம் பிடித்தவனுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். போன மாதம் எங்கள் அத்திவாரத்துக்கும் அவரே ஆறு பெட்டி ஏற்றி வந்தார், முதல் கூடையை அம்மா தன் கையால் கொட்டினாராம், நான் அன்று வேலைக்குப் போயிருந்தேன். எங்கள் காணிக்கு நேரே அணை வெட்டின இடைவெளியால் இப்போது மூன்று ட்ராக்டர் பக்கம் பக்கமாகப் போகலாம்.

நேற்றுப் பூரணைக்கு மறுநாள். மழை இல்லை, கச்சான் காற்று மட்டும் மேற்கிலிருந்து இறங்கி அடித்தது. அம்மா சீமெந்துக்குக் காவல் என்று சொல்லிக் காணிக் கொட்டிலில் போய் இருந்தார். மேசன் ஜுனைதீன் எனக்குப் போன் எடுத்து, சேர், தண்ணி வருது, அக்கா வரமாட்டன் எண்டு நிக்கிறா, கெதியா வாங்கோ என்றார். நான் மோட்டார் சைக்கிளைக் கோயிலடியில் போட்டுவிட்டு நடந்தேன். அலை இல்லை மகள், சத்தம் இல்லை, அதுதான் பயம். முற்றம் கழுவின தண்ணீர் பரவுவதுபோல அணை வெட்டின இடத்தால் கடல் பரவி வருகிறது, கோழிகள் வேலியில் ஏறி நிற்கின்றன, ஆரோ ஒருவரின் செருப்பு எனக்கு எதிரே மிதந்து வந்து என்னைத் தாண்டி ஊருக்குள் போனது. அம்மா அத்திவாரக் கட்டில், குசினி அடுப்பு வரவேண்டிய மூலையில், சீமெந்துப் பைகளுக்கு மேல் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்தேன். அவர் உதறவில்லை, கத்தவும் இல்லை. ஊரை விட்டு எத்தினை தரம் வெளிக்கிட்டனாங்கள், எண்ணிச் சொல்லுங்கோ பாப்பம் என்றார். ஷெல்லுக்கு ஓடினன், காணும், கடலுக்கு நான் ஓடமாட்டன், அது எனக்கு அந்நியமோ என்றார். பிறகு உன் பெயரைச் சொன்னார். படிச்ச பிள்ளை, அவளே பயமில்லை எண்டு சொல்லிப்போட்டாள், உங்களுக்கென்ன என்றார். நான் பக்கத்தில் நின்றேன், வேறு என்ன செய்ய. தண்ணீர் கட்டின் மேல்விளிம்புக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது, நின்று யோசித்ததுபோல் இருந்தது, பிறகு தானாகவே வடிந்தது. அம்மா என்னைப் பார்த்து, வந்தது போயிட்டுது பாத்தீங்களோ என்று சிரித்தார். ஷெல் விழுந்த காலத்தில் நான் ஓடு என்றால் அம்மா உன்னையும் இழுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடுவார். இனி ஓடமாட்டார். எனக்குக் கடலைவிட அதுதான் பயம்.

நேற்று வந்தது பூமி சூடாகி வந்த தண்ணீரா என்று கேட்பாய். ஓம் என்று சொல்லவும் இல்லை என்று சொல்லவும் என்னிடம் கணக்கு இல்லை, பூரணையும் காற்றும் வெட்டின அணையும் சேர்ந்து வந்தது. ஆனால் உன் மூன்று மில்லிமீற்றரையே சரி என்று வைத்துக்கொள். நீ உயரத்தை மட்டும் பார்க்கிறாய், எங்கள் நிலம் எப்படிப் படுத்துக் கிடக்கிறது என்று பார்க்கவில்லை. கரையிலிருந்து உள்ளே ஒரு கிலோமீற்றர் மட்டம் பிடித்துக்கொண்டு போனேன், தரை ஒரு மீற்றர்கூட ஏறவில்லை. அப்படியான தரையில் கடல் மூன்று மில்லிமீற்றர் ஏறினால் ஊருக்குள் மூன்று மீற்றர் நடந்து வரும், வருடத்துக்கு ஒரு அறை. இன்னும் இருபத்தைந்து வருடத்தில் இதே பூரணையும் இதே காற்றும் சேர்ந்தால் அந்த நாலு விரல் இருக்காது. அப்போது அம்மாவுக்கு அறுபத்தேழு வயது, அதே குசினியில். நாலு விரலைத்தான் நீ ஒன்றுமில்லை என்கிறாய்.

அம்மாவுக்கு ஒரு வீடு என்ற உன் ஆசையில் எனக்குக் குறை இல்லை, இடம்தான் பிழை. பள்ளமடுப் பக்கம் அவருக்குச் சீதனமாக வந்த மேட்டுக்காணி சும்மா கிடக்கிறது, கடல் தெரியாது என்று வேண்டாம் என்கிறார். நான் சொன்னால் வெருட்டு, நீ சொன்னால் படிப்பு. ஆகையால் உன் சொல்லை நீயேதான் திருப்பி எடுக்க வேண்டும், அப்பா சொன்னது சரி என்று சொல்லத் தேவையில்லை, எனக்குப் பயமா இருக்கு அம்மா என்று மட்டும் சொல், காணும். கடுமையாக எழுதிவிட்டேன், எனக்கு வேறு மாதிரி எழுத வராது. பனியில் சைக்கிள் ஓடாதே, டிலோஜனை இரவு வேலை முடிந்து நித்திரைக் கண்ணோடு கார் எடுக்க விடாதே. மாதா உங்கள் இருவரையும் கைக்குள் வைத்திருக்கட்டும். இனி நான் செய்யப்போவது:

1. இன்றே ஜுனைதீனிடம் சொல்லி வேலையை நிறுத்துவேன்.

2. பள்ளமடுக் காணியைத் துப்புரவாக்கி மட்டம் பிடிப்பேன்.

3. சனிக்கிழமை எங்கள் அத்திவாரத்துக்குள் கிடக்கும் ஆறு பெட்டி மண்ணையும் அள்ளி அணை வெட்டின இடத்தில் கொட்டுவேன். அந்த இடைவெளியை அடைக்க அது காணாது, தெரியும். ட்ராக்டரை உன் மாமாவிடம் கேட்டேன், தாறன் அத்தான் என்றார், இந்த முறை சிரிக்கவில்லை.

4. அடுத்த பூரணை டிசம்பர் 13. அதற்கு முன் நீ கதைத்தும் அம்மா கேட்காவிட்டால், அன்று நானும் அந்தச் சீமெந்துப் பைகளுக்கு மேல் அவருக்குப் பக்கத்தில் இருப்பேன். எனக்கு நீந்தத் தெரியாது என்பது உனக்குத் தெரியும்.

உன் அப்பா