குறுகலில் ஓடும் நீர்

பிப்ரவரி 3

மருத்துவமனை. என் கணவர் சகுஜியின் இதயத் தமனி ஒன்றில் முக்கால்வாசி அடைப்பு. படத்தில் வெள்ளைக் கோடு ஓரிடத்தில் நூலாய் மெலிந்திருந்தது. அங்கே ரத்தம் நாலு மடங்கு வேகமாகப் பாய்கிறதாம். ரத்தக்கட்டி உருவாகும் ஆபத்தும் அங்கேதான் என்றார் டாக்டர் ஹிரோசே.

இவர் சிரித்துவிட்டார். முப்பது வருடமாக எங்கள் ஊர் ஆற்றில் பயணிகளை ஏற்றிப் படகு விடுகிறவர். "வேகமா ஓடுற இடத்துல ஒரு இலைகூட நிக்காது டாக்டரம்மா. குப்பை சேர்றதெல்லாம் தேங்குற மடுவுலதான்."

டாக்டர் சொன்னதை, பத்திரிகைக் காலத்துப் பழக்கத்தில், அப்படியே குறித்துக்கொண்டேன்: "ரத்தம் வெறும் தண்ணி இல்லைங்க. அதுல சுருண்டு கிடக்குற ஒரு புரதம் இருக்கு. குறுகல்ல வேகம் இழுக்கும்போது நூல்கண்டு மாதிரி பிரிஞ்சு நீளும். சுவர்ல சின்னக் கீறல் இருந்தாலும் தட்டணுக்கள் வந்து அதுல தொத்திக்கும். வேகம் கூடக் கூட ஒட்டுறதும் கூடும்."

ஒட்டாமலிருக்க மாத்திரை. ஒரு நாள்கூட விடக் கூடாது.

பிப்ரவரி 4

தமனியை விரிக்கும் சிகிச்சைக்குத் தேதி கேட்டார்கள். இவர், படகு வேலையெல்லாம் முடிந்து பருவம் தொடங்கட்டும் என்றுவிட்டார்.

பிப்ரவரி 20

படகு தள்ளும் மூங்கில் கழியைச் சீவும்போது இவர் உள்ளங்கையில் சிராய் ஏறியது. ரத்தம் வெகுநேரம் நிற்கவில்லை; மாத்திரையின் வேலை.

மார்ச் 9

மாத்திரையை நிறுத்திவிட்டார். நான்கு நாளாயிற்றாம். இன்றுதான் சொல்கிறார்.

"கழியெல்லாம் ரத்தமா இருந்தா எவன் படகுல ஏறுவான்? கழி சீவுற வேலை முடியட்டும், மறுபடி போட்டுக்கறேன்."

டாக்டர் சொன்னதை வாசித்துக் காட்டினேன்.

"நீ இன்னும் நிருபர்தான். ஒரு எழுத்து விடாம ஒப்பிக்கிற" என்று சிரித்துக்கொண்டே படகுத்துறைக்குப் போய்விட்டார். மருத்துவமனைக்குப் போன் செய்தேன். உடனே மாத்திரை போடச் சொல்லுங்கள், திங்கட்கிழமை அழைத்து வாருங்கள் என்றார்கள். இவர் வந்ததும் சொன்னேன். சரி, திங்கட்கிழமை போகலாம் என்றார். மாத்திரையைத் தொடவில்லை.

மார்ச் 12

சனிக்கிழமை. துறையில் கழியை ஊன்றியபடியே சரிந்தாராம். நான் போய்ச் சேர்ந்தபோது — இல்லை. இன்று எழுத முடியாது.

மார்ச் 19

டாக்டர் ஹிரோசே வந்து இவர் படத்துக்கு முன் ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் போனார். அந்தக் குறுகலேதான் அடைத்திருக்கிறது. நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். கழியில் ரத்தம் இருந்தால்தான் என்ன? கையில் துணி சுற்றிக்கொள்ளக் கூடாதா?

ஏப்ரல் 2

பருவத்தின் முதல் படகு. அவரோடு துடுப்புப் போட்ட தமோட்சு என்னை முன்னால் உட்காரவைத்தார். பாறைகள் நெருங்கும் இடத்தில் ஆற்றுக்கு அரிசி மது ஊற்றுவது எப்போதும் இவர் வேலை. "ஊத்துங்க அண்ணி" என்றார். ஊற்றினேன்.

மேலே மடுவில் செர்ரி இதழ்கள் கனமாகப் படிந்து கிடந்தன. குறுகலில், அவர் சொன்னபடியே, ஒன்றுகூட நிற்கவில்லை.