சும்மா போட்டுக் கொடுத்த படம்

1.9.95, வெள்ளி

வெள்ளகோவில் எண்ணெய் மில்காரரின் புதுமனை புகுவிழாவுக்குப் போய் வந்தேன். நான் ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் திறந்த புதிதில், வேலை கிடைத்தால் போதும் என்று ஃபீஸ் பேசாமலே அவருக்கு ஒரு வீட்டுப் பிளான் வரைந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு ஆளையே காணோம். இப்போது பத்திரிகைதான் வந்தது.

உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. நடுமுற்றம், அதைச் சுற்றி ஏறும் படிக்கட்டு, எல்லாம் என் பிளான். மேஸ்திரியை வைத்துக் கட்டிவிட்டார். மறைக்கவும் இல்லை.

"இந்த அம்மணி போட்ட படந்தானுங்க. வாஸ்துக்காரரு சொன்னாருன்னு இடவலம் மட்டும் மாத்திப்போட்டமுங்க" என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொன்னார். மாற்றியதில் மேற்கு வெயில் முழுக்கப் படுக்கையறையில் விழுகிறது. பந்தியில் எனக்குத்தான் முதல் இலை. திட்ட நினைத்த வாயால் பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கிளம்பும்போது அவர் மச்சான் வந்தார். "ஏனுங்க, எங்களுக்கும் சும்மா ஒரு படம் போட்டுக் குடுங்க. புடிச்சா மேக்கொண்டு பேசிக்கலாமுங்க."

இனி முன்பணம் வாங்காமல் பென்சிலைத் தொடுவதில்லை என்று பஸ்ஸில் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். இப்போது பார்த்தால், இந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே மச்சான் வீட்டுக்குப் படிக்கட்டு வரைந்து வைத்திருக்கிறேன். மனை வடக்குப் பார்த்ததாம்.